பிரீபெயிட் அட்டை: வாங்க முன் ஒரு நிமிடம்

கனடாவில் வங்கி கடன் அட்டை தர மறுத்ததும் எம்மவர் பலர் கடையில் தொங்கும் பிரீபெயிட் அட்டையை வாங்குகிறார்கள். நானும் வாங்கினேன். இரண்டு வருடம் ஒழுங்காகப் பாவித்தேன். வாடகைக்கு வீடு கேட்டபோதுதான் தெரிந்தது, அதனால் என் கடன் பதிவில் எதுவும் ஏறவில்லை. ஏறாதுதானே? அது என் சொந்தக் காசு, கடன் அல்ல.

சாமான் வாங்க மட்டுமென்றால் அது போதும். ஆனால் உறையிலுள்ள கட்டண விபரத்தைப் படியுங்கள்: வாங்கும்போது எவ்வளவு, மாதம் எவ்வளவு, மீண்டும் பணம் போட எவ்வளவு? கனடிய வங்கிகள் வெளியிடும் அட்டைகளில் இவ்விபரம் இருக்கவேண்டும் என்ற விதி 2014 மே மாதம் நடைமுறைக்கு வந்தது.

பதிவைத் திருத்த வேண்டுமானால், வைப்புப்பணம் கட்டிப் பெறும் கடன் அட்டையைக் கேளுங்கள். சிறிதாகச் செலவழித்து, மாதாமாதம் தவணைக்கு முன் முழுவதையும் கட்டுங்கள். அதுதான் பதிவில் ஏறும்.