மருத்துவமனைக்கு வெளியே நடமாடும் உடல்நலத் தரவு

தனியுரிமை பற்றிய கட்டுரையில் "தகவலைப் பாதுகாக்கச் சட்டம் தேவை" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கருத்துக்குத் தாவிவிடுகிறீர்களா? அந்தச் சட்டம் என்ன சொல்லணும் என்று கேட்டால்தான் கட்டுரை தொடங்குகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2023 ஏப்ரலில் கையெழுத்தான 'என் உடல்நலம், என் தரவு' சட்டத்தைச் சான்றாக எடுத்துக்கொள்ளுங்கள். (தலைநகர் வாஷிங்டன் இல்லை, சியாட்டல் இருக்கும் மாநிலம். குழப்பிவிடாதீர்கள்.)

'ஹிப்பா' என்ற நாடு தழுவிய சட்டம் 1996லேயே வந்துவிட்டதே, பிறகு இது எதற்கு? ஹிப்பா கட்டுப்படுத்துவது முக்கியமாக மருத்துவர்களையும் மருத்துவமனைகளையும் காப்புறுதி நிறுவனங்களையும். மருத்துவரிடம் சொன்ன மாதவிடாய்த் தேதிக்குப் பாதுகாப்பு உண்டு. அதே தேதியைத் திறன்பேசிச் செயலியில் பதிந்தால் பெரும்பாலும் ஹிப்பா அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. 2022 ஜூனில் கருக்கலைப்புக்கான அரசியலமைப்பு உரிமையை உச்ச நீதிமன்றம் நீக்கியபின் இந்த இடைவெளி அச்சமாக மாறியது. செயலியில் உள்ள ஒரு தேதியே ஒரு பெண்ணுக்கு எதிரான சான்றாகலாம் அல்லவா?

வாஷிங்டன் சட்டம் தரவு யாரிடம் இருக்கிறது என்பதைவிட, அது எதைக் காட்டிக்கொடுக்கிறது என்பதையே பார்க்கிறது. எனக்குப் பிடித்த பகுதி இதுதான். கடையில் பற்பசை வாங்கினால் அது வெறும் கொள்முதல். நீங்கள் வாங்கிய பொருள்களை வைத்து "இவர் கருவுற்றிருக்கலாம்" என்று கடை கணித்தால், அந்தக் கணிப்பும் உடல்நலத் தரவுதான்.

அடுத்தது இசைவு. கேட்ட சேவையைத் தருவதற்குத் தேவையானதைத் தாண்டித் தரவைத் திரட்ட ஓர் இசைவு. பிறருடன் பகிர வேறோர் இசைவு. விற்பதற்குக் கையெழுத்திட்ட அனுமதி, அதுவும் ஓராண்டுக்குத்தான் செல்லும். நீளமான பொது விதிமுறைகளுக்கு அடியில் "ஏற்கிறேன்" என்று அழுத்த வைப்பது இசைவாகாது. திரட்டுதல், பகிர்தல், விற்றல் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் குழப்பாமல் எழுதினாலே உங்கள் வாதம் கூர்மையாகிவிடும்.

மருத்துவச் சேவை தரும் இடத்தைச் சுற்றி 2,000 அடிக்குள் மின்னெல்லை போட்டு, வருவோர் போவோரின் கைப்பேசிகளைக் கண்காணிக்கவோ அவற்றுக்கு உடல்நலம் சார்ந்த விளம்பரம் அனுப்பவோ கூடாது. இந்தத் தடை 2023 ஜூலையிலேயே தொடங்கியது. மற்ற விதிகளில் பெரும்பாலானவை 2024 மார்ச் 31இல் நடப்புக்கு வந்தன. தரவை அழிக்கச் சொல்லும் உரிமையும் உண்டு. ஆனால் அரசு அமைப்புகளை இச்சட்டம் கட்டுப்படுத்தாது. அது எனக்கு ஒரு குறையாகவே படுகிறது.

நெவாடா மாநிலமும் அதே ஆண்டில் இதுபோன்ற சட்டம் இயற்றியது. ஒரு பெரிய வேறுபாடு: வாஷிங்டனில் பாதிக்கப்பட்டவரே வழக்குத் தொடுக்கலாம், நெவாடாவில் அந்த வழி இல்லை. வகுப்பில் விவாதம் நடத்த நினைக்கும் ஆசிரியர்கள் இங்கிருந்தே தொடங்கலாம்: வழக்குப் போட முடியாத உரிமையை உரிமை என்று சொல்லலாமா?