பிரஷ் பிடி... பெயின்ட் அடி!

பொங்கலுக்கு வீட்டுக்கு பெயின்ட் அடிக்க ஆள் கிடைக்காமல் அப்பா அலையுறாரா? 'நாளைக்கு வர்றேன்'னு சொன்ன பெயின்டர் அண்ணன் மூணு வாரமா நாளைக்கேதான் வர்றாரா? டென்ஷனை விடுங்க பாஸ். ஒரே ஒரு ரூம்தானே... ரெண்டு பேர், நாலு நாள் லீவு, கொஞ்சம் கழுத்துவலி. நாமே அடிச்சிடலாம்!

முதல்ல கணக்கு. (அரியர் வெச்சிருக்கிறவங்களுக்கும் இது வரும்!) பத்துக்குப் பத்து ரூம், பத்தடி உயரம் என்றால் நாலு சுவரும் சேர்ந்து 400 சதுர அடி. சீலிங் 100. கதவு, ஜன்னலுக்கு 40 கழித்தால் 460. ஒரு லிட்டர் எத்தனை சதுர அடி வரும் என்று டப்பாவிலேயே போட்டிருப்பார்கள். அது ஒரு கோட்டுக்கா, ரெண்டு கோட்டுக்கா என்று பார்த்து வகுத்துக்குங்க.

அடுத்து, சுவரை உள்ளங்கையால் தேய்ச்சுப் பாருங்க. கை வெள்ளையாகுதா? அது பழைய சுண்ணாம்பு. அதன் மேல் எமல்ஷன் அடித்தால் அப்பளம் மாதிரி உரிந்து வரும். சுரண்டி எடுத்து, பள்ளத்துக்குப் பட்டி பார்த்து, ப்ரைமர் அடித்த பிறகுதான் கலர். ஓதம் காத்த சுவரா? தண்ணீர் எங்கிருந்து வருது என்று கண்டுபிடித்து அடைக்காமல் பிரஷ்ஷைத் தொடவே தொடாதீங்க. காசு வேஸ்ட்!

இப்போ ஒரு சீரியஸ் மேட்டர். பழைய ஜன்னல் கம்பி, கதவில் இருக்கிற எனாமல் பெயின்ட்டை கரகரவென்று தேய்க்கக் கிளம்பிடாதீங்க. பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் (10 லட்சத்தில் 90 பங்கு) இருக்கக் கூடாது என்ற விதி நம்ம நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்த மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமலில் அதைப்போல பல மடங்கு இருக்கலாம். பாட்டி ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வேற கட்சி, அது வெள்ளீயம். இது காரீயம்! தேய்த்த தூசி தரையில் படியும். தவழுகிற அக்கா குழந்தை அதில் கையை வைத்து, அப்படியே வாயில் வைக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கிற சரக்கு இது. 'இந்த அளவு வரை பரவாயில்லை' என்று ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பழைய பெயின்ட் கெட்டியாகப் பிடித்திருந்தால் தேய்க்காமல் துடைத்துவிட்டு மேலேயே அடிச்சிடுங்க. உரிகிற இடத்தை மட்டும் தண்ணீர் தெளித்து, வாட்டர் பேப்பரால் ஈரமாகவே தேய்க்கணும். என்-95 மாஸ்க் கட்டாயம். கர்ச்சீப் கட்டினால் ஸ்டைலுக்குத்தான் ஆகும். முடித்ததும் துடைப்பம் எடுக்காதீங்க, ஈரத்துணிதான். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த நாலு நாளும் சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க.

இனி ஜாலி. முதலில் சீலிங், அப்புறம்தான் சுவர். மாத்தி அடித்தால் சுவரெல்லாம் புள்ளிக் கோலம்! ஃபேனைத் தொடும் முன் மெயினை ஆஃப் பண்ணுங்க. ஸ்டூல் மேல ஸ்டூல் போடுற சர்க்கஸ் வேண்டாம். ரோலரில் நீளமான கம்பு மாட்டினால் தரையில் நின்றே அடிக்கலாம். ஓரங்களை பிரஷ்ஷால் முடிச்சிட்டு, ஈரம் காயும் முன் ரோலரை ஓட்டணும். ஒரு சுவரை ஆரம்பித்தால் நடுவில் டீ பிரேக் கிடையாது. திட்டு விழும், சுவரிலும்!

மிச்சமான பெயின்ட்டை சிங்க்கில் கொட்டாதீங்க. சின்ன டப்பாவில் இறுக்கி மூடி, கலர் நம்பரை எழுதி பரணில் வைங்க. காலண்டர் ஆணி பிடுங்குற அன்னிக்குத் தேவைப்படும்.