சம்பளக்காரருக்கு ஒரு நியாயமா?

தாம்பரம் சண்முகம் சாலை வியாபாரி தமது தொழிற்செலவு யாவையும் கழித்து, எஞ்சிய லாபத்துக்கே வருமான வரி செலுத்துகிறார். வரி செலுத்துமளவு சம்பளம் பெற்று, கம்பெனி அலுவலுக்காகக் குரோம்பேட்டைக்கும் பல்லாவரத்துக்கும் சொந்தச் செலவில் அலையும் உத்தியோகஸ்தரோ அவ்வாறு கணக்குக் காட்ட இயலாது. இஃதென்ன நீதி?

அவருக்குள்ளது நிலையான கழிவு ஒன்றே. 1974-இல் தோன்றிய அதனைச் சர்க்கார் 2005-இல் நீக்கினர். 2018-இல் 40,000 ரூபாயாக மீண்டும் அளித்தபோது, போக்குவரத்துப் படி 19,200-க்கும் வைத்தியச் செலவு 15,000-க்கும் இருந்த விலக்குகளைப் பறித்துக்கொண்டனர். மெய்யாகக் கூடியது 5,800 ரூபாயே! 2019-இல் அது 50,000 ஆயிற்று. 2024-இல் புதிய வரிமுறைக்கு மட்டும் 75,000 ஆயிற்று. அலைபவருக்கும் அமர்ந்திருப்பவருக்கும் ஒரே தொகைதான்.

நம்மவர் செய்யத்தக்கது யாது? அலுவல் நிமித்தமான பிரயாணச் செலவைத் தனிப்படியாகத் தருமாறு முதலாளியிடம் கேட்டு, ரசீதுகளைப் பத்திரப்படுத்துக. மெய்யாகச் செலவான அளவுக்கு அதற்கு வரியில்லை. சம்பளத்தில் மிகையாகப் பிடித்த வரியைக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறுக. பொய்க் கழிவு காட்டிப் பணம் பெற்றுத் தருவதாகக் கூறும் தரகரை நம்பற்க. அபராதம் கணக்குக்கு உடையவரையே சாரும்.

திரும்பப் பெறுவது தானமன்று, நமது பணமே. வியாபாரிக்குள்ள நியாயத்தை உழைப்பாளிக்கும் வழங்குமாறு தொழிற்சங்கங்கள் ஓயாது வற்புறுத்துக.