பருவகால வேலையும் நிரந்தரப் பதவியும்

தஞ்சை, திருவாரூர், நாகை ஜில்லாக்களில் குறுவை அறுப்புத் தொடங்கியதும், தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் ஊருக்கு ஊர் திறக்கப்படுகின்றன. பருவகாலப் பட்டியல் எழுத்தர், உதவுபவர், காவலர் என்ற பெயர்களில் அங்கே பலருக்கு ஜீவனம் கிடைக்கிறது. சம்பா நெல் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அந்த ஜீவனமும் நின்றுபோகிறது.

இவர்கள் செய்வது சாமானியமான காரியமன்று. களத்துக் குவியலிலிருந்து கைப்பிடி நெல்லை எடுத்து ஈரப்பதமானியில் இட்டு, அளவு 17 சதவீதத்தைத் தாண்டினால், “இன்னும் ஒரு வெயில் காயட்டும், அண்ணே” என்று விவசாயியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் பட்டியல் எழுத்தரே. தூற்றிய நெல்லை 40 கிலோ சிப்பங்களாக எடைபோட வைத்து, அட்டி அடுக்கச் செய்து, நள்ளிரவில் தூறல் விழுந்தால் ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்து மூடுவது வரையில் அத்தனை பொறுப்பும் இவர்கள் தலைமேல்தான்.

தொழில் நிறுவனமொன்றில் 24 மாத காலத்துக்குள் 480 நாள் தொடர்ந்து உழைத்தவரை நிரந்தரமாக்க வேண்டுமென்று 1981ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் விதிக்கிறது. நோயினாலோ அனுமதி பெற்ற விடுப்பினாலோ நேரும் இடைவெளி அத்தொடர்ச்சியைக் கெடுப்பதில்லை. ஆயினும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆண்டுக்கு ஆறு மாதம் ஒருநாளும் ஓயாமல் உழைத்தவருக்கும் இரண்டாண்டில் ஏறக்குறைய 360 நாள்தான் சேரும். முறையான தேர்வின்றிச் சேர்ந்த தற்காலிக ஊழியர் நிரந்தரத்தை உரிமையாகக் கோர இயலாதென்று உச்ச நீதிமன்றம் 2006இல் உமாதேவி வழக்கில் கூறியது வேறு. நல்லவேளையாக, நிரந்தரத் தன்மையுள்ள வேலையை நெடுங்காலம் செய்தவர்களுக்கு அத்தீர்ப்பைக் காட்டி நியாயத்தை மறுக்கலாகாது என்று அதே நீதிமன்றம் 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் தெளிவுபடுத்தியிருக்கிறது.

ஆண்டுதோறும் விளைந்து வரும் நெல்லை வாங்கிக் காக்கும் பணியைத் தற்காலிகம் என்று சொல்வது எவ்விதத்தில் பொருந்தும்? நாள்களை எண்ணுவதை விட்டுப் பருவங்களை எண்ணி, பல பருவம் பணியாற்றியவர்களை மூப்பு வரிசைப்படி கிடங்குகளின் காலியிடங்களில் அமர்த்துவதே நீதி என்பது என் திடமான அபிப்பிராயம். அந்த நீதி கிட்டும் வரையில், பருவகாலத் தொழிலாளர்களே, ஒவ்வொரு பருவத்தின் பணியாணையையும், விடுவிப்பு ஆணையையும், சம்பளம் வரவான வங்கிப் புத்தகத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். தொழிலாளர் துறை அதிகாரியிடம் முறையிடச் செல்லும்போது அவற்றின் நகல்களைக் கையோடு கொண்டுபோங்கள்.