பழைய சாகாவின் கதவு கேப் கோணலா இருக்கா? பட்டி பூசும் முன் பாடியைப் பாருங்கள்

1985 ஜூலை 9-ஆம் தேதி மலேசியாவின் முதல் தேசியக் கார் புரோட்டோன் சாகா அறிமுகமானது. அதே ஆண்டில் பினாங்கு பாலம் திறக்கப்பட்டபோது, அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் முகமது ஒரு சாகாவில்தான் பாலத்தைக் கடந்தார். ஷா ஆலாம் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த முதல் சாகா இன்று கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தின் சொத்து. அருங்காட்சியகத்துக்குப் போகாத சாகாக்களுக்குத்தான் இப்போது சிக்கல்.

தாத்தாவின் காரை, அப்பா வாங்கிய முதல் காரை மறுபடியும் ரோட்டில் ஓட்டிப் பார்க்கணும் என்ற ஆசை பல இளைஞர்களுக்கு உண்டு. புது பெயிண்ட், புது டயர், பளபளக்கும் பம்பர் எல்லாம் போட்டாச்சு. ஆனாலும் பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஏதோ சரியில்லை. கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள கோடு மேலே ஒரு அளவு, கீழே வேறொரு அளவு. பானெட் ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது. இதைத்தான் 'பேனல் கேப்' பிரச்சனை என்கிறார்கள்.

இது அழகு சம்பந்தப்பட்டது மட்டும்தானா? இல்லை. காரின் எலும்புக்கூடு எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் அந்தக் கோடுகளே காட்டிக்கொடுக்கும்.

கேப் ஏன் மாறுகிறது?

சாகா, 1980களின் மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேவை அடிப்படையாகக் கொண்ட கார். இதற்குத் தனிச் சட்டம் கிடையாது. தரை, தூண்கள், கூரை, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் 'சில்' எனப்படும் பெட்டித்தகடு எல்லாம் ஒன்றாக வெல்டிங் செய்யப்பட்ட ஒரே கூடு. இதில் ஒரு பாகம் பலவீனமானால் கூடு முழுதும் கொஞ்சம் வளையும். அந்த வளைவு முதலில் தெரிவது கதவு இடைவெளியில்தான்.

பொதுவாக மூன்று காரணங்கள் இருக்கும்.

முதலாவது, தேய்மானம். ஓட்டுநர் கதவு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடப்பட்டிருக்கும். கீல் ஊசி தேய்ந்தால் கதவின் பின்முனை தொங்கும்.

இரண்டாவது, பழைய விபத்து. என்றோ ஒருநாள் இடிபட்டு, 'கெத்தோக்' பட்டறையில் தட்டி நிமிர்த்தப்பட்ட கார் வெளியே நன்றாகத் தெரியலாம். உள்ளே தூணோ முன்பக்கச் சட்டமோ சில மில்லிமீட்டர் விலகியே இருக்கலாம்.

மூன்றாவது, துரு. ஆபத்தானது இதுதான்.

ஆயர் ஈத்தாம் போன்ற ஊரில் துரு ஏன் பெரிய விஷயம்?

பினாங்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. தீவு என்பதால் காற்றில் உப்பும் உண்டு. ஆயர் ஈத்தாம் மலையடிவாரம்; ஃபார்லிம், பாயா தெருபோங் பக்கமெல்லாம் அடுக்குமாடி வீடுகள். பழைய கார் பெரும்பாலும் திறந்தவெளியில்தான் நிற்கும்.

கண்ணாடி ஓரத்து ரப்பரைத் தாண்டிக் கொஞ்சம் மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது வெளியேற கதவின் அடியிலும் சில்லிலும் சிறு துளைகள் இருக்கும். மரத்தடியில் நிற்கும் காரில் சருகும் மண்ணும் அந்தத் துளைகளை அடைத்துவிடும். தண்ணீர் உள்ளேயே தேங்கும். தகடு உள்ளிருந்து அரிக்கும். வெளியே ஒரு சின்னக் கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

சில் அரித்துப்போனால் கதவின் தாங்குதளமே போகிறது. பக்கவாட்டில் இன்னொரு வாகனம் மோதினால் முதலில் அடி வாங்கும் பாகங்களில் அதுவும் ஒன்று. நடுத்தூண் நிற்பதும் அதன் மேல்தான். சீட் பெல்ட் மாட்டியிருப்பது அந்தத் தூணில். அதனால் "கேப் கொஞ்சம் கோணல், பரவாயில்லை" என்று சொல்வதற்கு முன் ஏன் கோணல் என்று தெரிந்துகொள்வது நல்லது.

நீங்களே எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரிய கருவி எதுவும் தேவையில்லை. 4 மி.மீ., 5 மி.மீ., 6 மி.மீ. ட்ரில் பிட் மூன்று போதும். அவற்றின் வழவழப்பான பின்பகுதியை இடைவெளியில் நுழைத்துப் பாருங்கள். அந்தக் காலத்துக் கார்களில் 4 முதல் 6 மி.மீ. வரை சாதாரணம். அளவைவிட முக்கியம், கோடு மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி வருகிறதா, இடமும் வலமும் ஒத்துப்போகிறதா என்பதுதான்.

அடுத்து, கதவைப் பாதி திறந்து பின்முனையைக் கையால் மேலே தூக்குங்கள். கீல் மட்டும் ஆடினால் தேய்மானம். ஊசியை மாற்றினால் சரியாகிவிடும். கீல் பொருத்தியிருக்கும் தூணே அசைந்தால் அங்கே துரு இருக்கிறது என்று அர்த்தம்.

கதவின் மேல்பகுதியில் இடைவெளி இறுகி, அடிப்பகுதியில் விரிந்தால் காரின் நடுப்பகுதி தொங்குகிறது என்று சந்தேகிக்கலாம். கதவு வாசலின் மூலைக்கு மூலை குறுக்கே டேப் வைத்து அளந்து, மறுபக்க வாசலோடு ஒப்பிடுங்கள். இரண்டும் கணிசமாக மாறினால் கோளாறு கதவில் இல்லை, கூட்டில் இருக்கிறது.

கடைசியாக, ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி, சில்லின் மேலும் கதவின் அடியிலும் நகர்த்துங்கள். இரும்பில் நன்றாகப் பிடிக்கும். பிடிப்பு விட்டுப்போகும் இடத்தில் தடிமனாகப் பட்டி பூசியிருக்கிறது. 'ரெஸ்டோர் பண்ண கார்' என்று யாராவது விற்க வந்தால் இந்த ஒரு சோதனை உங்கள் காசைக் காப்பாற்றும்.

சரிசெய்யும் வரிசை என்ன?

பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் பெயிண்ட், அப்புறம் கதவு, கடைசியில் "கீழே கொஞ்சம் துரு இருக்கு" என்று வெல்டிங். வெல்டிங் சூட்டில் தகடு சுருங்கி, சரியாக இருந்த கேப்பும் கெட்டுவிடும். சரியான வரிசை இதுதான்:

முதலில் கூடு. காரைச் சமதளத்தில், சக்கரத்தின் மேலோ சஸ்பென்ஷன் தாங்கும் இடங்களிலோ நிறுத்த வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகக் கூடாது; ஸ்டாண்ட் கட்டாயம். சில்லை வெட்டுவதற்கு முன் கதவு வாசலின் குறுக்கே சதுர இரும்புக் குழாயைத் தற்காலிகமாக வெல்டிங் செய்து, வாசல் நகராமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டவே கூடாது. புதுத் தகட்டைப் புள்ளி புள்ளியாக ஒட்டிவிட்டு, கதவை மாட்டிப் பார்த்து, கேப் சரி என்றால்தான் முழு வெல்டிங்.

அடுத்து கதவுகள், பின்னாலிருந்து முன்னால். பின்சக்கரத்தின் மேல் உள்ள பக்கத்தகடு வெல்டிங் செய்யப்பட்டது; அது நகராது. அதனால் அங்கிருந்து தொடங்க வேண்டும். பின்கதவை அந்தத் தகட்டுக்கு ஒத்து நிறுத்துங்கள். பிறகு முன்கதவை அதற்கு ஒத்து. பிறகு போல்ட்டில் நிற்கும் முன் மட்கார்டு. கடைசியாக பானெட். முன்னாலிருந்து தொடங்கினால் எல்லாத் தப்பும் சேர்ந்து பின்கதவில் வந்து நிற்கும். அங்கே நகர்த்த இடமே இருக்காது.

கதவைச் சரிசெய்யும்போது தூணில் உள்ள பூட்டுக் கொக்கியைக் கழற்றி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் மூடும்போது கொக்கி கதவைத் தூக்கிவிடும். கீல் தொங்குவது வெளியே தெரியாது. மட்கார்டு உள்ளே அமிழ்ந்திருந்தால் போல்ட்டுக்கு அடியில் மெல்லிய தகட்டுத் துண்டுகளை வைத்து உயர்த்தலாம். பானெட்டின் பின்பக்கத்தைக் கீல் போல்ட்டிலும், முன்பக்க உயரத்தை ரப்பர் திருகுகளிலும் சரிசெய்யலாம்.

மூன்றாவது, ஓர வேலை. எல்லாம் நேராக நின்ற பிறகும் ஓரிடத்தில் கேப் அகலமாக இருந்தால், கதவு ஓரத்தில் மெல்லிய கம்பியை வெல்டிங் செய்து தேய்த்துக் கோட்டை நேராக்குவார்கள். குறுகலாக இருந்தால் தேய்ப்பார்கள். இங்கே கவனம் தேவை. கதவின் வெளித்தகடு உட்சட்டத்தின் மேல் மடித்து இறுக்கப்பட்டிருக்கும். அந்த மடிப்பையே கிரைண்டரில் தேய்த்துத் தள்ளினால் தகடு பிரிந்துவிடும்.

கடைசியில் பட்டி. பட்டி கெட்ட பொருள் இல்லை. தட்டி நிமிர்த்திய தகட்டின் சிறு மேடு பள்ளத்தை மறைக்கத்தான் அது. 3 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. கேப்பை நிரப்பக் கதவு ஓரத்தில் தடிமனாக அப்பினால், சில மாதம் கதவை அடித்து மூடியதும் விரிசல் விடும். விரிசலில் தண்ணீர் இறங்கும். மறுபடி துரு.

பலர் மறந்துவிடும் மூன்று விஷயங்கள்

ஒன்று, ரப்பர். புது ரப்பர் பீடிங் தடிமனாக, விறைப்பாக இருக்கும். மாட்டியதும் கதவை வெளியே தள்ளும். அதனால் பெயிண்ட்டுக்கு முன்பே ஒருமுறை ரப்பரை மாட்டிப் பார்க்க வேண்டும்.

இரண்டு, பெயிண்ட்டின் தடிமன். பிரைமர், நிறம், கிளியர் எல்லாம் சேர்ந்து இரண்டு ஓரத்திலும் படியும்போது இடைவெளி கொஞ்சம் குறையும். வெறும் தகட்டில் மிக இறுக்கமாக வைத்தால் பிறகு ஓரம் உரசி பெயிண்ட் உதிரும்.

மூன்று, எடை. எஞ்சின் இறக்கிய காரின் முன்பக்கம் லேசாக இருக்கும். எஞ்சின், கண்ணாடி, சீட் எல்லாம் ஏறிய பிறகு கேப்பை மறுபடி அளக்க வேண்டும்.

பட்டறையில் என்ன கேட்கணும்?

"அண்ணே, பட்டி போடுறதுக்கு முன்னாடி படம் எடுத்து அனுப்புங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். தகட்டு வேலைக்கும் பெயிண்ட்டுக்கும் தனித்தனியாக விலை கேளுங்கள். ஒரே தொகையாகப் பேசினால் எதற்கு எவ்வளவு என்று தெரியாது; தகட்டு வேலையைக் குறைத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. சேசிஸ் எண் பொறித்த பாகத்தைக் கேட்காமல் வெட்டவோ தேய்க்கவோ கூடாது என்றும் சொல்லுங்கள். பெயர் மாற்றும்போது புஸ்பாகோம் போன்ற சோதனை நிலையத்தில் அந்த எண்ணைப் பார்ப்பார்கள்.

எவ்வளவு துல்லியம் போதும்?

இன்றைய காரைப் போல் மயிரிழை கேப் வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை. 1980களின் கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபோதே அப்படி இருக்கவில்லை. கதவு ஒரு விரல் தள்ளலில் மூடணும், கோடு நேராக ஓடணும், மழை உள்ளே வரக் கூடாது. அது போதும்.

வேலை முடிந்ததும் பாயா தெருபோங்கிலிருந்து பாலேக் பூலாவுக்கு ஏறும் துன் சார்டோன் சாலையில் ஒருமுறை நிதானமாகப் போய் வாருங்கள். அந்த வளைவுகளில் கூடு நன்றாகவே முறுக்கப்படும். வீட்டுக்கு வந்ததும் அதே ட்ரில் பிட்டை எடுத்து, அதே இடங்களில் மறுபடி அளவு பாருங்கள். அளவு மாறாமல் இருந்தால் கூடு உறுதியாக இருக்கிறது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடக்கலாம். மாறியிருந்தால், பாலீஷ் போடும் செலவை நிறுத்திவிட்டு காரைத் திரும்பப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.