திரையில்லாத பிரவுசருக்கு எந்த ஊர்?

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். ஆறினால் இன்னொன்று சொல்லிக்கொள்வோம்.

‘அருகிலுள்ள கடைகள்’ என்று ஒரு பக்கம். உங்கள் லேப்டாப்பில் ஒழுங்காக ஓடுகிறது. சர்வரில், திரையே இல்லாத ஹெட்லெஸ் குரோமில் டெஸ்ட் போட்டால் ஃபெயில். லேப்டாப்பில் அனுமதி கேட்டு ஒரு சின்னப் பெட்டி வந்தது, நீங்கள் அமுக்கினீர்கள். சர்வரில் பெட்டி வரத் திரையும் இல்லை, அமுக்க ஆளும் இல்லை. சரி, அனுமதி கிடைத்தது என்றே வையுங்கள். ஜிபிஎஸ் இல்லாத கணினியில் பிரவுசர் பெரும்பாலும் சுற்றியுள்ள வைஃபை ரவுட்டர்களை வைத்துத்தான் இடத்தை ஊகிக்கிறது. டேட்டா சென்டரில் ஓடும் விர்ச்சுவல் மெஷினுக்கு அந்த அக்கம்பக்கமும் கிடையாது.

ஆகவே அனுமதி, இடம் இரண்டையும் நாமே ஊட்ட வேண்டும். பிரவுசரை நிரல் வழியே ஓட்டும் கருவிகளில், பிளேரைட்டில் கான்டெக்ஸ்ட் திறக்கும்போதே இரண்டையும் கொடுத்துவிடலாம், பப்பெட்டியரில் தனித்தனியாக. பக்கம் எச்டிடிபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். 2016-ல் வந்த குரோம் 50 முதல் வெறும் எச்டிடிபிக்கு இருப்பிடம் தருவதில்லை, லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டும் விலக்கு. டெஸ்ட் சர்வரை வேறொரு மெஷினில் வைத்து ஐபி எண்ணால் கூப்பிடுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

எந்த ஊரைக் கொடுப்பது? பலரும் சொந்த ஊரைக் கொடுப்பார்கள். நான் லண்டனின் கிரீன்விச்சைக் கொடுப்பேன்: அட்சரேகை 51.48, தீர்க்கரேகை 0. ‘தீர்க்கரேகை வந்திருக்கிறதா’ என்று யாராவது சோம்பலாக ஒரு இஃப் எழுதியிருந்தால், ஜாவாஸ்கிரிப்ட் 0-வை ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்ளும். தவறு அங்கேயே பிடிபடும். (கிரீன்விச் வானாய்வகத்தின் புகழ்பெற்ற கோட்டில் நின்று போனைப் பார்த்தால் 0 வராது. ஜிபிஎஸ்ஸின் பூஜ்யக் கோடு சுமார் 102 மீட்டர் கிழக்கே ஓடுகிறது. டெஸ்டுக்கு அது பொருட்டில்லை.) வரிசையையும் கவனியுங்கள்: பிரவுசர் அட்சரேகையை முதலில் சொல்லும், வரைபடத் தரவு வடிவமான ஜியோஜேசன் தீர்க்கரேகையை முதலில் வைக்கும். இடம் மாறிப்போனால் லண்டன்காரருக்கு இந்தியப் பெருங்கடல் நடுவே கடை காட்டுவீர்கள்.

இதுவரை சொன்னது சுலபமான பாதி. இடம் கிடைக்காதபோது பக்கம் என்ன செய்கிறது என்பதைத்தான் முக்கியமாகச் சோதிக்க வேண்டும், அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அப்போது பிரவுசர் தரும் பிழை எண் 1 என்றால் அனுமதி மறுப்பு, 2 என்றால் இடம் தெரியவில்லை, 3 என்றால் நேரம் கடந்துவிட்டது. முதலாவதற்கு அனுமதி கொடுக்காமல் ஓட்டினால் போதும். இரண்டாவதற்கு, குரோமின் டெவ்டூல்ஸ் புரோட்டோகாலில் இருப்பிடத்தை மாற்றும் கட்டளையை எண்களே இல்லாமல் அனுப்புங்கள். மூன்றாவதில் ஒரு பொறி இருக்கிறது: டைம்அவுட் நீங்கள் குறிப்பிடாவிட்டால் அதற்கு எல்லையே கிடையாது. பயனர் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார், பிழை வரவே வராது.

இன்னொன்று, இப்படி ஊரை மாற்றுவதால் நேர மண்டலமோ ஐபி முகவரியோ மாறிவிடாது. நேர மண்டலத்தைத் தனியாக மாற்றலாம். ஐபியைப் பார்த்து ஊரை ஊகிக்கும் சர்வரை இந்த வழியில் ஏமாற்ற முடியாது.