796 சி.சி.யின் நாற்பது ஆண்டுகள்

2010 ஏப்ரலுக்குப் பிறகு சென்னையில் ஒருவர் புது மாருதி 800 வாங்க முடியவில்லை. ராசிபுரத்துக்காரர் சேலத்துக்கு பஸ் ஏறிப்போய்ப் பணம் கட்டி, அதே வண்டியை ஓட்டிக்கொண்டு வர முடிந்தது. தடையே இல்லை. பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதி அன்று நாட்டின் 13 நகரங்களில் மட்டும் அமலுக்கு வந்தது. அந்தப் பட்டியலில் சென்னை இருந்தது, சேலம் இல்லை. 800-ஐப் புது விதிக்கேற்ப மாற்றவேண்டாம் என்று கம்பெனி முடிவு செய்தது. விதி எட்டாத ஊர்களில் மட்டும் இன்னும் சில ஆண்டுகள் விற்றது. 2014 ஜனவரி 18-இல் உற்பத்தி நின்றது.

கார்களின் தலைமுறைக் கதையைப் பொதுவாக விளக்கின் வடிவம், பம்பரின் நிறம், சீட்டுத் துணி என்று சொல்லிப்போவார்கள். மாருதி 800 விஷயத்தில் அது ஏமாற்றும் கதை. இந்த வண்டி எப்போது பிறக்கவேண்டும், எவ்வளவு நீளம் இருக்கவேண்டும், எப்போது இதயம் மாற்றவேண்டும், எப்போது போய்ச்சேரவேண்டும் என்பதையெல்லாம் பெரும்பாலும் தீர்மானித்தவை அரசாங்கக் காகிதங்கள்தான்.

முதல் காகிதம் ஜப்பானுடையது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த நாடு சின்னக் கார்களுக்கென்று 'கேய்' என்ற தனி வகுப்பை உண்டாக்கி வரியைக் குறைத்தது. 1976-இல் அந்த வகுப்பின் எல்லை 550 சி.சி. எஞ்சின், 3.2 மீட்டர் நீளம், 1.4 மீட்டர் அகலம் என்றானது. 1979-இல் சுசூகி நிறுவனம் ஆல்டோவை 4,70,000 யென் விலையில் இறக்கியது. அதில் ஒரு குசும்பும் உண்டு. பயணிகள் காருக்கு இருந்த சரக்கு வரி வேன்களுக்குக் கிடையாது என்பதால், ஆல்டோ காகிதத்தில் சரக்கு வேனாகவே பதிவானது. பின்சீட்டு பேருக்குத்தான் இருந்தது. ஊரே காராக ஓட்டியது.

அந்தக் குடும்பத்து வண்டிதான் குர்கானுக்கு வந்தது. 1981-இல் மாருதி உத்யோக் தொடங்கி, 1982 அக்டோபரில் சுசூகியுடன் ஒப்பந்தமாகி, 1983 டிசம்பர் 14 அன்று முதல் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கையால் இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர் ஒருவர் வாங்கினார். விலை 47,500 ரூபாய். உடம்பு ஜப்பானிய வரிச் சட்டத்துக்கு வெட்டியது. எஞ்சின் மட்டும் வெளிநாட்டுக்கென்று பெரிதாக்கிய 796 சி.சி. ஜப்பானிய வரிக்காரர் கண்ணில் இந்தியா படாதே!

அதுவரை இங்கே கார் என்றால் அம்பாசிடர், ஃபியட், கொஞ்சம் ஸ்டாண்டர்ட். அம்பாசிடரில் எஞ்சின் முன்னால், சக்கரத்தைத் தள்ளுவது பின்னால், நடுவே நீண்ட தண்டு. எடை ஒரு டன்னுக்கு மேல். மாருதியில் எஞ்சினைக் குறுக்காகக் கிடத்தி முன்சக்கரத்தையே சுற்றவிட்டார்கள். தண்டு போயிற்று, அதை மூடும் மேடும் போயிற்று. சுமார் 650 கிலோ எடைக்கு 37 குதிரைசக்தி. அம்பாசிடருக்குச் சுமார் 50 குதிரை இருந்தும், ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைத்த பலம் குறைவு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் சின்ன வண்டி சளைக்காமல் ஏறியதற்கு இந்த வகுத்தல் கணக்கு முக்கியக் காரணம்.

அந்த எஞ்சினுக்கு மூன்று சிலிண்டர். நான்கு வைத்தால் உராய்வும் எடையும் கூடும், செலவும் கூடும். மூன்றில் இன்னொரு சிக்கல். மூன்று பிஸ்டன்களின் மேல்கீழ் விசைகளைக் கூட்டினால் பூஜ்யம்தான் வரும். ஆனால் அவை ஒரே இடத்தில் இல்லை, தண்டின் நீளத்தில் வரிசையாக நிற்கின்றன. ஒரு ஓரம் மேலே இழுக்கும்போது மறு ஓரம் கீழே அழுத்த, எஞ்சின் சீசா பலகை மாதிரி ஆடுகிறது. சிக்னலில் நிற்கும் மாருதியின் கியர் கம்பி நடுங்குவது இதனால்தான், எஞ்சினில் பழுது என்று பயப்பட ஒன்றுமில்லை.

1986-இல் இரண்டாம் தலைமுறை உடம்பு வந்தது: மூலைகள் கொஞ்சம் மழுங்கின, உள்ளே இடம் கூடியது. அது ஜப்பானில் 1984-இல் வந்த ஆல்டோ. அங்கே அதற்கு நான்கு ஆண்டுதான் ஆயுள். 1988, 1994, 1998, 2004, 2009 என்று ஐந்து முறை ஆல்டோ சட்டை மாற்றியது. இங்கேயோ 1997-இல் முகத்தைக் கொஞ்சம் திருத்தியதைத் தவிர, அந்த ஒரே உடம்பு 28 ஆண்டு ஓடியது. மொத்தத்தில் 25 லட்சத்துக்கும் மேல் விற்றது. புது உடம்பு செய்யப் பணம் வேண்டும், பழையதே விற்கும்போது யார் செலவு செய்வார்?

உண்மையான தலைமுறை மாற்றம் பானெட்டுக்குள் நடந்தது. முதலில் இருந்தது கார்புரேட்டர். தமிழ்நாட்டுக்கும் அதில் பங்குண்டு. மறைமலை நகரின் யூகால் நிறுவனம் ஜப்பானின் மிகுனியோடு சேர்ந்து மாருதிக்குக் கார்புரேட்டர் செய்தது. அதன் தத்துவம் அழகானது. குறுகலான வழியில் காற்று வேகமெடுக்கும்போது அழுத்தம் குறையும், குறைந்த அழுத்தம் பெட்ரோலை 'ஜெட்' என்ற மெல்லிய துளை வழியே உறிஞ்சிக்கொள்ளும். கம்பியும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். அந்த விகிதத்தைக் கார்புரேட்டர் உத்தேசமாகத்தான் பிடிக்கும். மலை உச்சியில் காற்று சமவெளியைவிடப் பத்தில் ஒரு பங்கு மெலிந்தாலும் அதற்குத் தெரியாது, பெட்ரோலைத் தாராளமாகவே விடும். காலையில் சோக் இழுத்தால்தான் வண்டி எழும். ஜெட்டில் தூசி அடைத்தால் மெக்கானிக் ஊதி எடுப்பார்.

1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை நான்கிலும் புதுக் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. சைலன்சர் வழியில் உட்காரும் இந்தப் பெட்டியில் பிளாட்டின வகை உலோகங்கள் பூசியிருக்கும், அவை நச்சுப்புகையைச் சாதுவான வாயுக்களாக மாற்றும். ஈயம் கலந்த பெட்ரோல் போட்டால் அந்தப் பூச்சின் மேல் ஈயம் படிந்து பெட்டி செத்துப்போகும். ஈயமில்லாப் பெட்ரோல் முதலில் கிடைத்ததோ பெருநகரங்களில் மட்டும். நாடு முழுவதும் ஈயம் ஒழிந்தது 2000 பிப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் சென்னை வண்டி சொந்த ஊருக்கு வருவதென்றால் டேங்கை யோசித்து நிரப்பவேண்டும்.

அந்தப் பெட்டிக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. 14.7 என்ற விகிதத்தை ஒட்டிய மிகக் குறுகிய இடைவெளியில்தான் அது எல்லா நச்சையும் ஒருசேர மாற்றும். உத்தேசக்காரக் கார்புரேட்டருக்கு இங்கேதான் வேலை போயிற்று. 2000-த்தை ஒட்டி விதிகள் இறுகியபோது 800-க்கு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ முறை வந்தது. புகைக்குழாயில் ஒரு ஆக்சிஜன் சென்சார். சிர்கோனியா என்ற பீங்கான், ஒருபக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. இருபுறமும் ஆக்சிஜன் அளவு வேறுபட்டால் அந்தப் பீங்கானே மின்னழுத்தம் தரும்: பெட்ரோல் மிகுந்தால் சுமார் 0.9 வோல்ட், குறைந்தால் 0.1 வோல்ட். கம்ப்யூட்டர் அதைப் படித்துப் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு பெட்ரோல்? ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 265 சி.சி. அது நிறையக் காற்று வந்தால் எடை 0.3 கிராம். அதை 14.7-ஆல் வகுத்தால் 20 மில்லிகிராம், ஒரு சிறு துளி. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 25 முறை அந்தத் துளியைக் கேட்கும். ஏழை வண்டி என்று நாம் அலட்சியமாகப் பார்த்ததற்குள் இந்தத் துல்லியம் இருந்தது.

லாரியும் போர்வெல் ரிக்கும் டீசல் புகையுமாக வாழும் நாமக்கல் வட்டாரத்திலும் பழைய மாருதி வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "கார்புரேட்டரா, எம்.பி.எஃப்.ஐ-யா?" என்றுதான். எந்த வருடம் என்பது அதற்கப்புறம். தலைமுறையைப் பிரிக்கத் தெரிந்தவர்கள் இவர்கள்.

இந்த உடம்பும் எஞ்சினும் எல்லை தாண்டியும் போயின. பாகிஸ்தானில் 'மெஹ்ரான்' என்ற பெயரில் 2019 வரை இதே உருவம் ஆலையிலிருந்து வந்தது. 800-க்குப் போட்டியாக வந்த கொரியாவின் டேவூ மாட்டிஸின் எஞ்சினும் இதே சுசூகி வம்சம், அதே 796 சி.சி., அதே மூன்று சிலிண்டர். பங்காளிச் சண்டை!

800 நின்ற பிறகும் அதன் எஞ்சின் சாகவில்லை. 2000-இல் இந்தியாவுக்கு வந்த ஆல்டோவிலும், 2012-இல் வந்த ஆல்டோ 800-லும் சிலிண்டருக்கு நான்கு வால்வு வைத்த அதன் தம்பிதான் ஓடியது. பாரத் ஸ்டேஜ் 6 வரை அதைத் திருத்தித் திருத்திக் கொண்டுவந்துவிட்டார்கள். 2023 ஏப்ரலில் அடுத்த காகிதம் வந்தது. அதுவரை சோதனைக்கூடத்தில் அளந்த புகையை இனி சாலையிலும் அளக்கவேண்டும், கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று வண்டியே ஓடும்போது கவனிக்கவேண்டும் என்றது. மலிவுக் காரில் அந்தச் செலவு கட்டுப்படியாகவில்லை. ஆல்டோ 800 நின்றது. இப்போது விற்கும் ஆல்டோ கே10-இன் எஞ்சின் 998 சி.சி., அதற்கும் சிலிண்டர் மூன்றுதான்.